போவா குட்டி விழுங்கிய எலியை மூன்றாம் நாள் கக்கிவிட்டது: மீண்டும் எப்போது இரை கொடுக்கலாம்?

புதிய வளர்ப்பாளர் (கேள்வி)

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன்பு ஐந்து மாத வயதுடைய போவா பாம்புக் குட்டி ஒன்றை வாங்கினேன். அதன் எடை 160 கிராம். நீளம் ஏறத்தாழ 60 செ.மீ. வந்த இடம் பழகட்டும் என்று பத்து நாள் தொடாமல் விட்டுவிட்டு, உறையவைத்துப் பின் இளக்கிய 40 கிராம் எலி ஒன்றைக் கொடுத்தேன், தயங்காமல் விழுங்கியது. மறுநாள் பெட்டியைத் துடைப்பதற்காகப் பாம்பைச் சில நிமிடங்கள் கையில் எடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்ததுமே நாற்றம் குடலைப் புரட்டியது. தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே அந்த எலி கிடந்தது. தலைப்பக்கம் முடி உதிர்ந்து கூழாகியிருந்தது, வால்பக்கமோ விழுங்கும்போது இருந்தபடியே இருந்தது.

பெட்டியிலுள்ள வெப்பமானி 32 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. ஈரப்பதம் 60 விழுக்காடு. வெறும் வயிற்றோடு கிடக்கிறதே என்று மனம் கேட்கவில்லை. இன்றே வேறோர் எலியைக் கொடுக்கலாமா?

ஈரமண்

நண்பரே, இன்று வேண்டாம். அடுத்த வாரமும் வேண்டாம். குறைந்தது பதினான்கு நாள் பொறுங்கள். கக்கும்போது இரையோடு செரிமான அமிலமும் வெளியேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடுகிறது. அது ஆறுவதற்குள் இன்னோர் எலியைக் கொடுத்தால் அதையும் கக்கும், இரண்டாம் முறை கக்கிய குட்டி மிக விரைவில் தளர்ந்துபோகும். பட்டினி கிடப்பது பாம்புக்குப் பெரிய துன்பமன்று. இளைத்திராத குட்டி இரண்டு வாரங்களை எளிதில் தாங்கும். தூய தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

உங்கள் இரை அளவும் மிகுதி. 160 கிராம் குட்டிக்கு 40 கிராம் எலி என்றால் உடல் எடையில் கால் பங்கு. இந்த வயதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 16 கிராம் அளவுள்ள இரையே போதும். இரை விழுங்கிய பாம்பைக் குறைந்தது 48 மணி நேரம் தொடக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். இப்போது ஒரே ஒரு கேள்வி: அந்த வெப்பமானி பெட்டிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது?

பழைய வளர்ப்பாளர்

போவா கக்கியது என்றாலே எனக்கு ஐ.பி.டி. (இன்குளூஷன் பாடி டிசீஸ்) என்னும் வைரஸ் நோய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. இந்நோய் கண்ட போவாக்களில் அரீனா வகை வைரஸ்கள் இருப்பது 2012-இல் கண்டறியப்பட்டது. நோயை நீக்கும் மருந்து இல்லை. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் சில பாம்புகள் பல ஆண்டுகள் அதைச் சுமந்திருக்கும். வீட்டில் வேறு பாம்புகள் இருந்தால் உடனே இதைத் தனி அறைக்கு மாற்றிவிடுங்கள்.

ஈரமண்

தனிமைப்படுத்தச் சொன்னது சரி. புதிதாக வரும் எந்தப் பாம்பையும் மூன்று மாதமாவது தனியே வைப்பதே முறை. ஆனால், ஒரு முறை கக்கியதற்கே அந்த நோயின் பெயரைச் சொல்லி ஒருவரை அச்சுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை, ஐயா. பெரிய இரை, குளிர்ந்த தரை, இரை எடுத்தபின் கையாளுதல் ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்வோம். அதன் பின்னும் கக்கினாலோ, தலையை வானம் பார்த்தாற்போல் தூக்கித் தள்ளாடினாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும்.

புதிய வளர்ப்பாளர்

வெப்பமானி பின்சுவரில், மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகு, கம்பியுள்ள வெப்பமானி ஒன்றின் முனையைப் பாம்பு படுக்கும் இடத்தில் தரையோடு வைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அங்கே 26 டிகிரிதான் இருக்கிறது!

ஈரமண்

காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் பாம்பு சுவரில் படுப்பதில்லை. சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி வரையும், எதிர்ப்பக்கம் 25 முதல் 27 வரையும் இருந்தால்தான் அது தேவைக்கேற்ப இடம் மாறிக்கொள்ளும். 26 டிகிரியில் கால் பங்கு எடையுள்ள எலி செரிப்பதற்கு முன்பே வயிற்றுக்குள் அழுகத் தொடங்கிவிடும், பாம்புக்கு அதை வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. விளக்கை, வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்து, அதன் உணரியைப் படுக்கும் இடத்திலேயே பொருத்துங்கள். விளக்கைச் சுற்றிக் கம்பிவலைக் கூடும் கட்டாயம் வேண்டும். போவா ஏறிச் சுற்றிக்கொள்ளும், தோல் வெந்தாலும் உடனே விலகாது.

வாங்க நினைப்பவர்

இடையில் கேட்பதற்குப் பொறுத்தருளுங்கள். நானும் ஒரு போவா வாங்க எண்ணியிருக்கிறேன். வாங்குவதற்கு முன்பு எதைப் பார்க்க வேண்டும்?

பழைய வளர்ப்பாளர்

பாம்பைப் பார்ப்பதற்கு முன்பு உங்கள் வீட்டையும் வயதையும் பாருங்கள். நன்கு பேணப்படும் போவா இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். பெண் பாம்பு இரண்டு மீட்டரைத் தாண்டி வளரக்கூடும், அதற்கு 180 செ.மீ. நீளமாவது உள்ள பெட்டி தேவைப்படும். "சிவப்பு வால் போவா" என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தென் அமெரிக்காவின் பெரிய போவாவையும், அளவில் சிறிய நடு அமெரிக்கப் போவாவையும் விற்பவர்கள் ஒரே பெயரில் அழைப்பதுண்டு. எந்த வட்டாரப் பாம்பு, காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று கேளுங்கள். வளர்ப்பில் பிறந்ததையே வாங்குங்கள். வளர்க்க உரிமம் தேவையா என்பது நாட்டுக்கு நாடு மாறும்; அதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு, இரை எடுத்த நாள்களின் குறிப்பேட்டைக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் கண்முன்னே ஒருமுறை இரை எடுக்கச் சொல்லுங்கள். இளக்கிய எலியைத் தயங்காமல் எடுக்கும் குட்டி பாதித் தலைவலியைக் குறைத்துவிடும். கண்விளிம்பிலும் தாடையின் கீழ்மடிப்பிலும் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் நகர்ந்தால் அவை சிற்றுண்ணிகள்; தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலும் செத்துக் கிடக்கும். மூச்சில் சீழ்க்கை ஒலி கேட்டாலோ, வாயோரத்தில் நுரை தெரிந்தாலோ, எவ்வளவு அழகான பாம்பாயினும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

புதிய வளர்ப்பாளர்

பதினாறு நாள் பொறுத்து, நேற்றைக்கு முன்தினம் 8 கிராம் எலிக்குஞ்சு ஒன்றைக் கொடுத்தேன். படுக்கும் இடத்தின் தரை இப்போது 32 டிகிரியில் நிற்கிறது. விழுங்கியதும் சூடான பக்கத்து மறைவிடத்துக்குள் போய்ச் சுருண்டுகொண்டது, இதுவரை கக்கவில்லை. அடுத்த இரையை எப்போது, எவ்வளவு கொடுப்பது?

ஈரமண்

மகிழ்ச்சி. மேலும் இரண்டு வாரம் கழித்து இதே அளவைக் கொடுங்கள்; அதுவும் தங்கினால் அதற்கடுத்த முறை 12 கிராமுக்குப் போகலாம். எச்சம் போட்ட நாளையும் குறித்து வையுங்கள். அதுவரை பாம்பைக் கையில் எடுக்காதீர்கள். பெட்டியைத் துடைப்பதற்காகக்கூட வேண்டாம்.