பாட்டு நடுவில் நின்றுவிடுகிறது: கேபிள் இழுக்கவா, மெஷ் போடவா?

வணக்கம். பழைய சிடிகளையெல்லாம் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்புகளாக மாற்றி, வாங்கிய ஹை-ரெஸ் (சிடியைவிட உயர்தர) ஆல்பங்களோடு ஒரு நாஸில் (வீட்டு நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) போட்டு வைத்திருக்கிறேன். அது ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்கிறது. நான் பாட்டு கேட்பதோ வீட்டின் மறுகோடி அறையில். அங்கே ஸ்ட்ரீமர் (நாஸிலிருந்து பாட்டை எடுத்து வாசிக்கும் கருவி) வைஃபையில் ஓடுகிறது; நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர்கள்.

சிடி தரத்தில் தொல்லை இல்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு போட்டால்தான் வம்பு. ஆலாபனை மேல் ஸ்தாயியைத் தொடும் நேரம் பார்த்துச் சட்டென்று மௌனம். நாலைந்து நொடி கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். மைக்ரோவேவ் ஓடினால் கேட்கவே வேண்டாம். சரி, 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டும் மோதுகின்றன என்று 5-க்கு மாற்றினேன். சுவர்களைத் தாண்டி சிக்னல் ஒரே ஒரு கோடுதான் வருகிறது.

சுருக்காமல் அனுப்பினாலும் அந்தக் கோப்புக்கு நொடிக்குச் சுமார் 9.2 மெகாபிட்தான். அதனால் வேகத்தைவிட, சீராக வராததுதான் சிக்கல் என்று தோன்றுகிறது.

கேட் 6 கேபிள் 25 மீட்டர் இழுத்தால் தீர்ந்துவிடும், தெரியும். சுவரைத் துளைக்க வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பெரிய வேலை! மெஷ் (வீட்டில் பல இடங்களில் வைஃபை பெட்டி வைக்கும் முறை) போட்டு, இரண்டாவது பெட்டியிலிருந்து ஸ்ட்ரீமருக்குச் சின்ன கேபிள் கொடுத்தால் போதுமா? பவர்லைன் அடாப்டரை (வீட்டு மின்கம்பி வழியாக நெட்வொர்க்கை அனுப்பும் கருவி) யாராவது ஆடியோவுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஆம்ப்ளிஃபையரில் இரைச்சல் ஏறுமா?

அப்புறம், இசைப் பிரியர்களுக்கென்றே விற்கும் 'ஆடியோஃபைல்' நெட்வொர்க் சுவிட்ச் வாங்கச் சொல்லாதீர்கள், ப்ளீஸ்.