கைப்பிடி உங்கள் கையில், போட்டுக்காரர் பக்கத்தில்: திருக்கோணமலையில் படகு வாடகைக்கு எடுப்பது

கேள்வி (நெதர்லாந்திலிருந்து):
ஆம்ஸ்டர்டாமில் சின்ன எலெக்ட்ரிக் படகை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குத் தருவினம். நீளம் 15 மீற்றருக்குக் குறைவு, மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடாது என்றால் லைசென்ஸ் கேட்க மாட்டினம். கால்வாய்க்குள் பெரும்பாலும் 6 கிலோமீற்றர் வேகம், வலப்பக்கம் பிடித்து ஓடவேணும், அவ்வளவுதான். ஆடி மாதம் குடும்பத்தோடு ஊருக்கு வாறம். திருக்கோணமலைத் துறைமுகத்தையும் அப்படி நாங்களே ஓட்டிச் சுற்றிப் பார்க்கலாமா? அனுபவமுள்ள அண்ணைமார் சொல்லுங்கோ.

உப்புவெளிக்காரன்:
தம்பி, அங்கே மாதிரித் திறப்பைக் கையில் தந்து அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கிடைப்பது 18 அடி முதல் 23 அடி வரையான பைபர் போட், பின்னால் 15 முதல் 40 குதிரைவலு அவுட்போர்ட் இஞ்சின், கூடவே போட்டுக்காரர். ஆனால் பேசி எடுக்கும்போதே “கொஞ்சத் தூரம் நான் பிடிக்கிறேன், நீங்க பக்கத்தில இருங்க” என்று சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். அதைத்தான் கேளுங்க. ஆளில்லாமல் போட்டை மட்டும் தாறன் என்று யாராவது சொன்னால் அந்தப் போட்டை எடுக்கவே வேண்டாம். போட்டைப் பற்றி அக்கறையில்லாதவர் இஞ்சினை எப்படி வைத்திருப்பார்?

ஆடி மாதம் என்றால் கச்சான் காற்று. இதை வெளியூர் ஆட்கள் பிழையாக விளங்கிக்கொள்வார்கள். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அதனால் உப்புவெளிக் கரையில் நின்று பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும். அரைக் கிலோமீற்றர் வெளியே போனால்தான் சிற்றலை எழும்பும், இன்னும் போனால் வெள்ளை நுரை. போகும்போது காற்று முதுகில், ஒன்றும் தெரியாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில். தண்ணீர் அணியத்தால், அதாவது படகின் முன்பக்கத்தால், அடித்து உள்ளே வரும், வேகம் பாதியாகும், பெற்றோல் கூடக் குடிக்கும். இஞ்சின் நின்றால் படகு கரைக்கு வராது, வங்காள விரிகுடாவுக்குப் போகும். ஆகவே கச்சானில் கரையோரமாக முதலில் காற்றை எதிர்த்துப் போங்க, காற்றோடு திரும்புங்க. காலை வெள்ளென வெளிக்கிட்டு, வெயில் ஏறி மரக்கிளை ஆடத் தொடங்கும் முன் கரைக்கு வந்துவிட வேண்டும்.

நங்கூரம் பற்றி ஒரு வார்த்தை. நம்ம துறைமுகத்தின் பெருமையே ஆழம்தான். அந்த ஆழமே சின்னப் படகுக்கு எதிரி. உட்துறைமுகத்தின் நடுவில் பல இடங்களில் 20 மீற்றருக்கு மேல் ஆழம். நங்கூரம் பிடிக்க, ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விடவேண்டும் என்பது கணக்கு. படகுகளில் இருப்பது பெரும்பாலும் 25, 30 மீற்றர்க் கயிறு. நடுவில் இஞ்சின் நின்றால் நங்கூரம் இழுபடும், நிலத்தில் பிடிக்காது. மேற்குக் காற்று படகை நகரக் கரைக்கோ கடற்படைத் தளப் பக்கத்துக்கோ தள்ளிக்கொண்டு போகும். இரண்டாவது இடத்துக்குப் போனால் விளக்கம் சொல்லி முடியாது. எனவே எப்போதும் கரையோரமாக, ஐந்தாறு மீற்றர் ஆழத்திலேயே ஓடுங்க. இரண்டு துடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்க.

இஞ்சின் பட்டறை:
போட்டில் ஏறும் முன் இஞ்சினைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் வரிசைப்படி பாருங்க.

முதலில் இஞ்சினைப் பலகையில் பிடித்திருக்கும் இரண்டு இறுக்கித் திருகாணிகள். ஓட ஓட அதிர்வில் தளரும். கையால் இறுக்கிப் பாருங்க. இஞ்சினுக்கும் படகுக்கும் இடையே சங்கிலியோ கயிறோ கட்டியிருக்கவேண்டும். கழன்று விழுந்தால் இந்த ஆழத்தில் தேடுவது வீண் வேலை.

அடுத்தது பெற்றோல். பழைய இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் என்றால் ஒயில் கலக்கவேண்டும். பலவற்றுக்கு 50க்கு 1, அதாவது 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் இரண்டு ஸ்ட்ரோக் ஒயில். மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சினுக்கும் சில பழைய மாடல்களுக்கும் கணக்கு வேறு, போட்டுக்காரரிடம் கேளுங்க. ஒயில் குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் ஸ்பார்க் பிளக் கரிபிடித்து மெல்ல ஓடும்போது நின்றுபோகும். நான்கு ஸ்ட்ரோக் என்றால் பெற்றோலில் ஒன்றும் கலக்கக்கூடாது.

டாங்கி மூடியில் ஒரு சின்னக் காற்றுத் திருகாணி இருக்கும். அதைத் திறக்க மறப்பதுதான் பத்து நிமிடம் நன்றாக ஓடி நடுக்கடலில் நிற்கும் இஞ்சின்களின் முதல் காரணம். காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் வெளியே வராது. நின்றதும் பெற்றோல் குழாயிலுள்ள ரப்பர் உருண்டையைப் பாருங்க, சப்பிப்போய் இருந்தால் இதுதான் விஷயம். திருகாணியைத் திறந்து, உருண்டையை அது இறுகும்வரை அமுக்குங்க. உருண்டையில் ஓர் அம்புக்குறி உண்டு, அது இஞ்சின் பக்கம் பார்க்கவேண்டும்.

தொடக்கும்போது கியர் நடுவில். கியரில் கிடந்தால் பெரும்பாலான இஞ்சின்களில் இழுகயிறு அசையவே அசையாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். குளிர்ந்த இஞ்சினுக்கு சோக்கை (தொடக்கும்போது பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் குமிழை) இழுங்க, பிடித்ததும் உள்ளே தள்ளுங்க. தள்ளாமல் திரும்பத் திரும்ப இழுத்தால் பெற்றோல் நிரம்பிப் பிளக் நனையும், மணம் வரும். அப்போது சோக் உள்ளே, பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, அக்சலேற்றரை முழுக்கத் திறந்து ஐந்தாறு தரம் இழுங்க. அதற்கும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைக்கவேண்டியதுதான். பிளக் சாவி படகில் இருக்கவேண்டும். பல படகுகளில் இருக்காது.

பிடித்ததும் பின்னால் பாருங்க. இஞ்சினின் பக்கத்தால் ஒரு மெல்லிய தண்ணீர்த் தாரை பீச்சவேண்டும், சில விநாடிக்குள். அதுதான் இஞ்சின் குளிர்கிறது என்பதற்கு அடையாளம். தாரை இல்லை, அல்லது ஆவி வருகிறது என்றால் உடனே நிறுத்துங்க. கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பொலித்தீன் பை ஒட்டியிருக்கும். இஞ்சினைத் தூக்கி எடுத்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் தாரை வரும் ஓட்டையில் மண் அடைத்திருக்கும், தங்கூசி நூலை (நைலோன் தூண்டில் நூலை) விட்டுக் குத்தினால் போதும். இரண்டும் சரியாக இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்துவிட்டது. அந்த இஞ்சினோடு வெளிக்கிட வேண்டாம்.

கடைசியாக, சிவப்புச் சுருள் கயிறு. ஒரு நுனி இஞ்சினில், மறு நுனி ஓட்டுபவரின் மணிக்கட்டில். ஆள் தண்ணீரில் விழுந்தால் இஞ்சின் தானாக நிற்கும். கயிறு இல்லாமல் விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி அவர் மேலேயே வரும், புரொப்பலரோடு. நம்ம ஊரில் அநேகர் இதைப் போடுவதில்லை, சிலர் அதற்குப் பதிலாக இஞ்சினில் ஒரு துண்டு ரெஜிபோமைச் செருகி வைத்திருப்பார்கள். புதிதாகப் பிடிக்கிறவர் கட்டாயம் போடவேண்டும்.

உப்புவெளிக்காரன்:
பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கைப்பிடி இஞ்சின் கார் ஸ்டியரிங் மாதிரி இல்லை. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். கார் ஓடிப் பழகிய கை பதற்றத்தில் பிழையான பக்கம்தான் தள்ளும். வெளியே, ஆளில்லாத இடத்தில், மெதுவாக எட்டுப் போடுவதுபோல் இரண்டு மூன்று வளைவு ஓடிப் பழகிய பிறகே கரையை நெருங்குங்க. படகுக்குப் பிரேக் இல்லை. துறையைத் தொட இருபது முப்பது மீற்றர் இருக்கும்போதே கியரை நடுவில் போடுங்க, காற்றுக்கு முகம் கொடுத்து வாருங்க, மிச்சத்தைக் காற்றே நிறுத்தும்.

உப்புவெளி மாதிரி மணற்கரை என்றால் அலைக்கு அணியத்தை நேராகக் கொடுத்துத் தள்ளி, இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகே இஞ்சினை இறக்கவேண்டும். குறுக்கே திரும்பினால் சின்ன அலையும் உள்ளே ஏறும். கரைவலை இழுக்கும் நேரமென்றால் கரையிலிருந்து கடலுக்குப் போகும் இரண்டு கம்பாக் கயிற்றுக்கும் நடுவே போகவேண்டாம். கயிறு தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. மடியையும் (வலையின் பை போன்ற பகுதி) தாண்டி வெளிப்பக்கமாகச் சுற்றிப் போங்க.

கிண்ணியா நாநா:
எல்லாரும் துறைமுகத்தையே சொல்றீங்க. படகு பழக நல்ல இடம் இந்தப் பக்கம்தான், தம்பலகாமக் குடா. அலை இல்லை, ஆழம் குறைவு, கண்டல் மரம், கொக்கு, நாரை. நீங்க கேட்ட கால்வாய்க்குக் கிட்டத்தட்ட வாறது இதுதான்.

ஆனா ஆழம் குறைவு எண்டதே இங்கே பிரச்சினை. தண்ணி நிறம் பார்த்து ஓடணும். கரும்பச்சை எண்டா ஆழம், மண்ணிறம் எண்டா சேற்றுத் திட்டி, கறுத்த படைபடையாத் தெரிஞ்சா கடற்புல். வெயில் முதுகுக்குப் பின்னால இருந்தா அடி தெரியும், முகத்துக்கு நேரே இருந்தா ஒண்டும் தெரியாது. புரொப்பலர் மண்ணைத் தொட்டா பின்னால தண்ணி கலங்கி வரும். அந்த நிமிசமே கியரை எடுத்துட்டு இஞ்சினை அரைவாசி தூக்குங்க. அக்சலேற்றரைக் கூட்டித் தப்பப் பார்க்கக் கூடாது. சேறு சல்லடைக்குள்ள போகும். புல் சுத்தினா படகு அதிரும், வேகம் விழும். பின்கியரில ஒருக்கா போட்டு எடுத்தா பாதி கழரும், மிச்சத்தை இஞ்சினை நிப்பாட்டித் தூக்கி எடுங்க.

இஞ்சின் கத்துது, படகு நகரல்ல எண்டா சின்ன இஞ்சினில புரொப்பலரைப் பிடிச்சிருக்கிற குறுக்கு ஆணி முறிஞ்சிருக்கும். மேலதிக ஆணி ஒண்டும் குறடும் வெச்சிருந்தா அங்கேயே மாத்தலாம். பெரிய இஞ்சினில ஆணி இல்லை, புரொப்பலருக்குள்ள இருக்கிற ரப்பர் வழுக்குது. மிக மெதுவா ஓடினா அது பிடிக்கும், அப்படியே கரைக்கு வாங்க.

கிண்ணியாப் பாலத்துக்குக் கீழ கவனம். 2009இல திறந்த பாலம், 396 மீற்றர். எங்கட கடல்ல வத்துப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், அதால ஓட்டம் இருக்காது எண்டு நினைப்பாங்க. குடா முழுக்க இந்த ஒடுக்கத்தாலதான் நிறைஞ்சு வடியுது, தூணைச் சுத்தித் தண்ணி இழுக்கும். தூரத்திலேயே நேர்படுத்தி, நடு இடைவெளியால, இஞ்சின் இழுவையோட போங்க. நடுவில கியரை எடுத்தா தூணில சாத்தும். காத்து ஒரு பக்கம், ஓட்டம் மறுபக்கம் எண்டா பாலத்தடியில தண்ணி கொதிக்கும். அந்த நேரம் பொறுத்திருங்க.

மகாவலி வாய்ப் பக்கம் போறதா இருந்தா மணல்திட்டி மழைக்கு மழை இடம் மாறும். போன வருசம் போன பாதை இந்த வருசம் இருக்காது. முதலை இருக்கிற ஆறு, பிள்ளைகள் காலைத் தொங்கப்போட விடாதீங்க.

கேள்வி (நெதர்லாந்திலிருந்து):
நன்றி அண்ணைமார், நாநா. நாங்கள் ஆறு பேர், அதில் அம்மாவுக்கு 70 வயது. ஒரே படகில் போகலாமா? கோணேசர் மலையைக் கடலிலிருந்து பார்க்கவேணும் என்று அம்மாவுக்கு ஆசை.

நகரவாசி:
18 அடிப் படகு, 15 குதிரைவலு என்றால் போட்டுக்காரரோடு ஐந்து பேருக்கு மேல் ஏற்றவேண்டாம். நீங்கள் அவரோடு ஏழு பேர். 23 அடி, 40 குதிரைவலு எடுங்க. அம்மாவை அணியத்தில் இருத்தாதீங்க, அங்கேதான் அடி கூட. நடுவுக்குச் சற்றுப் பின்னால், மெத்தை போட்டு, வெயிலுக்கு முதுகு காட்டி. லைஃப் ஜக்கெட்டில் ஆட்களின் எடை எழுதியிருக்கும், பிள்ளைகளுக்குப் பெரியவருடையதைப் போட்டால் தண்ணீரில் தலைக்கு மேலால் கழன்றுவிடும். கால் இடுக்கால் போகும் பட்டி உள்ளதாகக் கேளுங்க.

கோணேசர் மலைக்கு உட்துறைமுகத்தால் போக நினைக்கவேண்டாம். நகரம் இரண்டு தண்ணீருக்கு நடுவே கிடக்கிறது. உட்துறைமுகத்திலிருந்து வெளிக்கிட்டால் கடற்படைத் தளம் இருக்கும் குன்றுகளைச் சுற்றி, கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கி, திறந்த கடலால் வடக்கே ஏறவேண்டும். உப்புவெளியால் வந்தால் நேர்வழி. மலையடியில் கடல் அமைதியாக இருந்தாலும் பாறைக்குக் கிட்டப் போகவேண்டாம். அலை பாறையில் பட்டுத் திரும்பி வருவதோடு அடுத்த அலை மோதும், படகு நிலையில்லாமல் ஆடும். கோயில் முழுதாகத் தெரியவும் கொஞ்சம் தள்ளி நிற்பதுதான் நல்லது.

உட்துறைமுகத்தில் கப்பலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோதுமைக் கப்பல், சீமெந்து ஆலைக்கான கப்பல், சீனன்குடாவுக்கு எண்ணெய்க் கப்பல் என்று வந்துபோகும். கப்பல் மெதுவாகப் போவதுபோல் தெரியும், நிற்க நீண்ட தூரம் எடுக்கும், அதன் மூக்குக்குக் கீழே உங்களைத் தெரியவே தெரியாது. கப்பலுக்கு முன்னால் குறுக்கே வெட்டவேண்டாம், பின்னால் போங்க. ஐந்து குறுகிய ஊதல் கேட்டால் உங்களைத்தான் கேட்கிறார்கள், என்ன செய்யப்போகிறாய் என்று. நங்கூரமிட்டு நிற்கும் கப்பலிலும் முன்பக்கம் சங்கிலி நீண்டு கிடக்கும், பின்பக்கத்தால் சுற்றுங்க. கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடக்கைப் பக்கம், பச்சை வலக்கைப் பக்கம். வெளியே போகும்போது மாறி. அது கப்பலுக்கான பாதை. சின்னப் படகுக்கு அதற்கு வெளியேயும் ஆழம் தாராளம், வெளியாலேயே போங்க.

துறைமுகத்துக்குள் இருக்கும் சோபர் தீவு கடற்படையின் கையில். முன்கூட்டி அவர்களிடம் ஒழுங்கு செய்யாமல் அங்கே இறங்க முடியாது. தளத்துப் பக்கம் கமராவை நீட்டவும் வேண்டாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் குண்டு போட்டதில் சேதமான சகாயிங் என்ற கப்பல் இந்தத் துறைமுகத்துக்குள்தான் கிடந்தது. கடற்படை 2018இல் அதை மிதக்கவைத்து எடுத்துவிட்டது. பழைய வழிகாட்டியைப் பார்த்துவிட்டு அதைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இஞ்சின் பட்டறை:
பெற்றோல் பேச்சை முதலே முடியுங்க. 40 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு 18, 20 லீற்றர் குடிக்கும், அரை வேகத்தில் அதில் பாதிக்கும் குறைய. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. டாங்கி அளவைக் குச்சி விட்டுக் கண்ணால் பாருங்க. வாடகையில் பெற்றோல் சேர்த்தியா, புரொப்பலர் அடிபட்டால் யார் தருவது என்பதைக் கரையிலேயே கேளுங்க. ஏறும் முன் புரொப்பலரின் மூன்று இதழையும் போனில் படம் எடுத்து, போட்டுக்காரருக்கே காட்டிவிடுங்க.

கிண்ணியா நாநா:
போனை நீர் புகாத பையில போட்டுக் கழுத்தில மாட்டுங்க. பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. எங்க போறம், எத்தனை மணிக்கு வாறம் எண்டதைக் கரையில ஒரு ஆளுக்குச் சொல்லிட்டுப் போங்க. அந்த ஆள் போட்டுக்காரர் வீட்டு ஆளா இருந்தா இன்னும் நல்லம், தேடி வர அவங்ககிட்ட இன்னொரு படகு இருக்கும்.