பேங்க் கியாரண்டி படிவம் மாறியதால் டெண்டர் தள்ளுபடி: ரிட் நிற்குமா?

கேள்வி

மாநிலத் துறை ஒன்றின் சாலைப் பணி, இரண்டு கவர் முறை (தகுதி ஆவணங்கள் டெக்னிக்கல் கவரில், விலை தனிக் கவரில்). இஎம்டிக்கு (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்கு) முழுத் தொகைக்கும் பேங்க் கியாரண்டி, அதாவது வங்கி உத்தரவாதம், கொடுத்தாயிற்று. ஆனால் டெண்டரோடு இணைத்திருந்த படிவத்தில் இல்லாமல் வங்கியின் சொந்தப் படிவத்தில் இருக்கிறது. இதைச் சொல்லி டெக்னிக்கல் கவரிலேயே தள்ளிவிட்டார்கள். விலைக் கவர் இன்னும் திறக்கவில்லை. எங்கள் விலைதான் குறைவாக இருக்கும், அரசுக்கும் மிச்சம் என்று வாதாடி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு முடிவை எதிர்க்கும் மனு) போடலாமா?

பதில் 1

போடலாம் சார், ஆனால் "அரசுக்கு மிச்சம்" என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 1994 டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்தே நிலை இதுதான்: முடிவு சரியா என்று நீதிமன்றம் எடைபோடாது, முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும். 2007 ஜகதீஷ் மண்டல் வழக்கில் இது இரண்டு கேள்விகளாகச் சுருங்கியது. கெட்ட எண்ணமோ, பொறுப்புள்ள எந்த அதிகாரியும் எடுக்காத தான்தோன்றித்தனமான முடிவோ இருக்கிறதா? பொதுநலன் பாதிக்கப்படுகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் மனு தள்ளுபடி.

உங்களுக்கு நேர் எதிராக நிற்பது 2016 சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் தீர்ப்பு. அங்கேயும் கியாரண்டி குறித்த படிவத்தில் இல்லை. தள்ளியது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 1991 போத்தார் ஸ்டீல் வழக்கைக் காட்டலாம் என்பார்கள். அதில் ஸ்டேட் பேங்க் டிராஃப்டுக்குப் பதில் யூனியன் பேங்க் காசோலை வந்தது, அதை அதிகாரி ஏற்றது சரி என்றார்கள். கவனியுங்கள், இரண்டிலும் அதிகாரியின் முடிவுதான் நின்றது. தளர்த்த அவருக்கு அதிகாரம் உண்டு என்பதால் தளர்த்தியே ஆகவேண்டும் என்று ஆகிவிடாது.

பதில் 2

மேலே சொன்னது சரி. வழி திறப்பது ஒரே இடத்தில்: அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறியிருந்தால். வேறொருவரின் ஆவணக் குறையை மன்னித்துவிட்டு உங்களை மட்டும் தள்ளியிருந்தால் அரசமைப்பின் 14ஆவது பிரிவு (சட்டத்தின் முன் சமத்துவம்) வரும். 2024 பன்சிதர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் இந்தப் பாகுபாட்டுக்காகவே உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதனால் முதலில் டெக்னிக்கல் மதிப்பீட்டுப் பதிவையும் திருத்த அறிவிப்புகளையும் வாங்குங்கள்.

கியாரண்டியையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். கேட்டவுடன் நிபந்தனையின்றிப் பணம் தரும் வாசகம், செல்லுபடிக் காலம், கோரிக்கைக் காலம் (வங்கியிடம் பணம் கேட்க உள்ள அவகாசம்) மூன்றும் துறைப் படிவத்துக்குச் சமமா? ஒன்று குறைந்தாலும் அது வெறும் படிவ வித்தியாசம் இல்லை, அரசின் பாதுகாப்பே குறைகிறது. அப்போது ரிட் போடுவது வீண் செலவு.

பதில் 3

நாள் கணக்கு முக்கியம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, 11ஆவது பிரிவில் அரசிடம் மேல்முறையீடு உண்டு. ஆணை கிடைத்த 10 நாளுக்குள். இதை விட்டுவிட்டு நேராக ரிட் போட்டால் மாற்று வழி இருக்கிறதே என்றுதான் அரசுத் தரப்பு தொடங்கும்.

விலைக் கவர் திறக்கும் முன் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வேலை உத்தரவு போய்விட்டால் நிலைமை மாறும். 2022 என்.ஜி. புராஜெக்ட்ஸ் தீர்ப்பு, கட்டுமானப் பணிகளை நிறுத்தத் தயங்கவேண்டும், தவறு நடந்திருந்தால் நஷ்டஈடு பார்க்கலாம் என்கிறது. உள்கட்டமைப்புப் பணிகளைத் தாமதப்படுத்தும் தடையாணை கூடாது என்கிற, குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 41(எச்ஏ) பிரிவையும் அது நினைவூட்டுகிறது. ஆகவே முழுத் தடை கேட்பதைவிட, "டெண்டர் முடிவு இந்த மனுவின் தீர்ப்புக்கு உட்பட்டது" என்ற இடைக்கால உத்தரவைக் கேளுங்கள். கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்-1 (மிகக் குறைந்த விலை கொடுத்தவர்) யாரென்று தெரிந்ததும் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். அவரைக் கேட்காமல் அவருக்குக் கிடைத்த வேலையை எந்த நீதிபதியும் ரத்து செய்யமாட்டார்.