மரவேலை ரவுட்டர் ஸ்பிண்டில் (பிட்ட சுத்துற மோட்டார்) கத்துது, 3 எம்எம் பிட் உடையுது, பேரிங்கா?

கொடுங்கையூர்_ஜாலி:
வணக்கம் பா. நம்ம பட்டறைல 2.2 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில், 24000 ஆர்பிஎம், ஈஆர்20 கோலெட் (பிட்ட கவ்வி புடிக்கறது). பூஜை ரூம் கதவு ஜாலிதான் மெயின் வேலை, 12 எம்எம் எம்டிஎஃப் (மரநார் பலகை), 18000 ஸ்பீடு, நிமிஷத்துக்கு 2400 எம்எம் ஃபீடு, ரெண்டு பல்லு பிட். ரெண்டு வாரமா 3 எம்எம் பிட் போட்ட பத்தே நிமிஷத்துல டக்குனு போயிடுது, 6 எம்எம் உடையல ஆனா பள்ளம் 6.1 வருது, ஓரமெல்லாம் பிசிறு. 18000 தாண்டுனா ஙொய்ய்னு சத்தம் வேற. வாங்குன எடத்துல கேட்டா புதுசு போட்டுடுங்கன்னு ஒரே வார்த்தை, ஆடர் நிக்குது, என்னா பண்றது?

பழைய_டர்னர்:
தம்பி பேரிங்க தொடாத, மொதல்ல பப்பி டயல் (ஆட்டத்த அளக்கற டயல்) எடு. எம்சிபி இறக்கிட்டு கோலெட்ட கழட்டி, டேப்பர (கோலெட் உக்கார்ற கூம்பு குழி) துணி போட்டு தொடச்சு, டயல் முள்ள டேப்பர் உள்பக்கம் வெச்சு கையால மெதுவா சுத்து. அந்த ரீடிங்க எழுதிக்கோ. அப்புறம் கோலெட்ல பிட்டோட வழவழ ஷேங்க புடிச்சு அதுல பாரு. டேப்பர்லயே ஆடுனா பேரிங் இல்லாட்டி டேப்பரே தேஞ்சிருக்கு, டேப்பர் நல்லாருந்து பிட்ல மட்டும் ஆடுனா கோலெட் இல்லாட்டி நட்டு. கோலெட்ட நட்டுல கிளிக்குனு மாட்டிட்டுதான் ஸ்பிண்டில்ல ஏத்தணும், பாதி பேரு டேப்பர்ல கோலெட்ட போட்டு மேல நட்ட முறுக்குறான், வாய் கோணிக்கும்.
உன் ஃபீடுக்கு ஒரு பல்லு 0.067 எம்எம்தான் கடிக்கணும். அவுட் (டயல் காட்டுற ஆட்டம்) அதுக்கு மேல போச்சுன்னா ஒரு பல்லே மொத்தமும் கடிக்கும், இன்னொன்னு சும்மா சுத்தும். 3 எம்எம் எப்படி தாங்கும்?

மெகர்_மச்சி:
அண்ணன் சொன்னதோட வைண்டிங்கும் பாத்துடு. மூணு ஃபேஸ் ஓம்ஸும் ஒரே மாதிரி இருக்கணும். பாடிக்கு மெகர் (இன்சுலேஷன் டெஸ்டர்) அடிக்கறதுக்கு முன்னாடி விஎஃப்டி (ஸ்பீடு மாத்துற டிரைவ்) ஒயர கழட்டிடு, மறந்தா டிரைவ் காலி. நம்ம ஏரியா உப்புக்காத்துக்கு கனெக்டர் பின்னு பச்சை புடிச்சு ஒரு ஃபேஸ் விட்டுட்டாலும் கத்தும். ஸ்பிண்டில கூல் பண்ற பக்கெட் தண்ணி பாசி புடிச்சிருக்கா?

கொடுங்கையூர்_ஜாலி:
பாசியா, மீனே வளக்கலாம். அண்ணே பாத்துட்டேன், டேப்பர் 0.01, பிட்ல 0.09! கோலெட் வாய்ல எம்டிஎஃப் தூள் கல்லு மாதிரி ஒட்டிருந்துச்சு, உள்ள கோடு கோடா கீறல். பாரிஸ் கார்னர் போய் புது கோலெட் நட்டு வாங்கியாந்தேன், 0.02 ஆயிடுச்சு, பிட் உடையல. ஓம்ஸ், மெகர் எல்லாம் ஓகே. ஆனா சத்தம் போகல, கையால சுத்துனா மணல் நெரடுற மாதிரி இருக்கு.

பழைய_டர்னர்:
அப்ப ரெண்டு நோவு தம்பி. மணல் நெரடுனா முன் பேரிங் கிளம்பிடுச்சு, டேப்பர் 0.01 காட்டுது ஆனா இது நாளாக நாளாக ஏறும். ஆடர முடிச்சுட்டு தொற. இந்த சைஸ்ல முன்னாடி பெரும்பாலும் 7005 ஜோடி, பின்னாடி 7002, இருந்தாலும் கழட்டுன பேரிங்ல நம்பர பாத்து வாங்கு. ஆங்குலர் காண்டாக்ட்டு (ஒரு பக்க தள்ளுதல மட்டும் தாங்கும்), எந்த பக்கம் பாத்து இருந்துச்சுன்னு கழட்டும்போதே போட்டோ புடி, திருப்பி போட்டா சீக்கிரமே சூடேறி போயிடும். சுத்தியால அடிக்காத, ஷாஃப்ட்ல ஏத்தும்போது உள்வளையத்த மட்டும் பிரஸ் பண்ணு. கிரீஸ் ஹைஸ்பீடு கிரீஸா கொஞ்சூண்டு, கால்வாசி போதும், ரொப்புனா அதுவே சூடு. போட்டதும் 24000 வெக்காத, 6000ல அரை மணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து, நடுநடுவுல பாடி முன்பக்கம் கை வெச்சு பாரு, சுட்டா நிறுத்தி ஆறவிடு.
கையில பிரஸ் இல்லன்னா வீட்ல பண்ணாத, ஸ்பிண்டில் ரிப்பேர் பண்றவன்கிட்ட குடு.

கொடுங்கையூர்_ஜாலி:
சரிண்ணே, ஞாயித்துக்கிழமை தொறக்கறேன். பக்கெட்ட இன்னைக்கே கழுவிட்டேன்.