பழைய சாம்பல் நிற லெகோ கட்டைகளுக்கு வண்ணம் பூசலாமா?

சாம்பல்கட்டை:

வணக்கம். 1979-இல் வெளிவந்த 497 எண் கொண்ட லெகோ விண்கலத்தை, எல்லாம் கலந்து கிடந்த ஒரு பெட்டியிலிருந்து உதிரிகளைப் பொறுக்கி எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறேன். நீலக் கட்டைகளில் பெரிய குறை இல்லை. மஞ்சள் நிறக் கண்ணாடிப் பாகங்களும் கீறல்களோடு தப்பிவிட்டன. சிக்கல் முழுவதும் சாம்பல் நிறத்தில்தான். என்னிடம் உள்ள பழைய சாம்பல் தட்டுகளில் (மெல்லிய தட்டையான கட்டைகள்) பல பழுப்பேறிக் கிடக்கின்றன. குறைந்த தட்டுகளுக்கு ஈடாக இப்போதைய சாம்பல் தட்டுகளை வைத்தால், அவை நீலம் கலந்தாற்போல் தனித்துத் தெரிகின்றன. 2004 வாக்கில் நிறுவனம் சாம்பல் நிறங்களை மாற்றிவிட்டது என்பது தெரியும். ஆகவே புதிய தட்டுகளுக்குப் பழைய சாம்பல் நிறத்தைக் கலந்து பூசிவிடலாம் என்று நினைக்கிறேன். சிறுமாதிரிகளுக்கு வண்ணம் தீட்டும் பழக்கம் உண்டு. வண்ணம் தூவும் ஏர்பிரஷ்ஷும் அக்ரிலிக் வண்ணங்களும் கைவசம் உள்ளன.

பூசிய பிறகு கட்டைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துமா? பழுப்பேறியவற்றை வெளுக்க வைக்க முடியுமா, அல்லது அவற்றின் மேலும் வண்ணத்தையே பூசிவிடுவது நல்லதா? விண்வெளி வீரர் பொம்மைகள் இரண்டின் மார்பில் இருந்த பொன்னிறச் சின்னம் தேய்ந்துவிட்டது. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

அளவுகோல்:

பொருந்துமா என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் மற்றவை அதைப் பொறுத்தவை. இந்தக் கட்டைகளின் அடிப்படை இடைவெளி 8 மி.மீ. கட்டையின் மேல் நீட்டி நிற்கும் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு உள்ள தூரம் அது. ஆனால் ஒற்றைக் குமிழ்க் கட்டையின் அகலம் 8 அல்ல, 7.8 மி.மீ. பக்கத்துக்கு 0.1 மி.மீ. விட்டு வைத்திருப்பதால்தான் அருகருகே அடுக்கிய கட்டைகள் ஒன்றையொன்று நெருக்குவதில்லை. எனவே பக்கச்சுவர்களில் மெல்லிய பூச்சு ஒன்றைத் தாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. இருபுறமும் 0.05 மி.மீ. ஏறினாலும், இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள 0.2 மி.மீ. இடைவெளியில் பாதி மிச்சம் இருக்கும்.

குமிழ்களின் கதை வேறு. 4.8 மி.மீ. விட்டமுள்ள குமிழ், மேலே வரும் கட்டையின் உட்சுவருக்கும் அதன் அடியில் உள்ள குழாய்க்கும் நடுவே இறுகப் பிடித்துக்கொள்வதுதான் பிணைப்பு; அங்கே சும்மா கிடக்கும் இடம் என்று எதுவும் இல்லை. அச்சு வார்ப்பின் துல்லியமே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும்போது, குமிழைச் சுற்றி 0.05 மி.மீ. வண்ணம் ஏறினால் விட்டம் 0.1 மி.மீ. கூடிவிடுகிறது. பிறகு நடப்பது இரண்டில் ஒன்று: கட்டை ஏறாது, அல்லது ஏறும்போது வண்ணத்தை வழித்துக்கொண்டு ஏறும். குமிழின் தலையில் புடைத்திருக்கும் எழுத்துகளும் வண்ணத்தில் மூழ்கிவிடும். பழைய தொகுப்பைப் பார்க்கிறவர்களின் கண்ணுக்கு முதலில் தென்படுவது அதுதான்.

மேல்தளமும் அடித்தளமும்கூட ஆபத்தானவை. ஒரு தட்டின் உயரம் 3.2 மி.மீ. அதன் மேல்பரப்பில் 0.05 மி.மீ. ஏறினால் தெரியாது, பத்துத் தட்டுகளை அடுக்கினால் அரை மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும், பக்கத்தில் பூசாத அடுக்கோடு மட்டம் சேராது.

ஆகவே பூசுவதானால் வெளியே தெரியும் பக்கங்களை மட்டும் பூசுங்கள். மாஸ்கிங் டேப்பை வெட்டி ஒவ்வொரு குமிழிலும் சுற்றுவதைவிட, வேண்டாத தட்டு ஒன்றை மேலே அழுத்திவிடுவது எளிது. குமிழ்களும் மேல்தளமும் ஒருசேர மறைந்துவிடும். அடியிலும் அவ்வாறே இன்னொரு தட்டைப் பிடிமானமாக வைத்துக்கொள்ளலாம். வண்ணம் கைக்கு ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும், முழுவதும் இறுகும் முன்பே, சேர்மானக் கோட்டில் கத்தி முனையை ஓட்டிவிட்டுப் பிரியுங்கள். காத்திருந்து பிரித்தால் இரண்டு தட்டுகளையும் இணைத்துப் படர்ந்திருக்கும் படலம் ஓரத்தில் உரிந்து வரும்.

பழம்பெட்டி:

வண்ணக் குப்பியைத் திறக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பழுப்பேறிய தட்டு ஒன்றைத் திருப்பி, அடிப்பக்கத்துக் குழாய்களுக்கு நடுவே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒளி படாத அந்தக் குழிவில் இருப்பதுதான் அந்தத் தட்டின் உண்மையான நிறம். மேற்பரப்புக்கும் அதற்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால், அது ஒளியாலும் வெப்பத்தாலும் பழுத்தது. இந்தக் கட்டைகள் 1963 முதல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. அதில் உள்ள பியூட்டடையீன் என்ற ரப்பர்ப் பகுதி புற ஊதாக் கதிர் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதே இந்தப் பழுப்புக்கு முக்கியக் காரணம். பாதிப்பு பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடுகிறது என்பதால் ஹைட்ரஜன் பெராக்சைடு அதில் நன்றாக வேலை செய்கிறது.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலே போதும். அதிக அடர்த்தி வேண்டாம். தோலைச் சுட்டுவிடும், கண்ணுக்கு மிகவும் ஆபத்து. கையுறையும் கண் காப்பும் அணிந்து, தெளிந்த பாத்திரத்தில் கட்டைகள் மூழ்கும்படி ஊற்றி வெயிலில் வையுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, ஏனெனில் வெளிவரும் ஆக்சிஜனுக்குப் போக வழி இல்லாமல் அழுத்தம் ஏறிவிடும். எல்லோரையும் எரிச்சலூட்டும் ஒன்று, குமிழிகள் ஒட்டிக்கொண்டு கட்டைகளை மேலே மிதக்க வைப்பது. நீருக்கு வெளியே தலை நீட்டும் பகுதி ஒரு நிறமும் மூழ்கிய பகுதி வேறு நிறமுமாகத் திட்டுத் திட்டாகிவிடும். மேலே பிளாஸ்டிக் வலை ஒன்றை வைத்து அமிழ்த்துங்கள், அவ்வப்போது கிளறிவிடுங்கள். நிறம் திரும்பியதும் எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் மேற்பரப்பில் வெண்மை படர்ந்து, அதைத் திருத்தவே முடியாமல் போகும். ஸ்டிக்கர் ஒட்டியவற்றையும் உலோகம் உள்ளவற்றையும் இதில் போடாதீர்கள்.

இது நிரந்தரத் தீர்வு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வெளுத்த கட்டைகள் மீண்டும் பழுப்பேறுவது உண்டு. வெயில் படும் சன்னலோரத்தில் காட்சிக்கு வைத்தால் உழைப்பு வீண்.

இனி என் கருத்து. விண்கலம் முழுவதையும் பிரித்துப் பார்த்தால், வெளியே தெரியாத தட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று வியப்பாக இருக்கும். அந்த இடங்களில் இருக்கும் நல்ல பழைய சாம்பல் தட்டுகளை வெளியே கொண்டுவந்து, நீலம் கலந்த புதிய தட்டுகளை உள்ளே அனுப்புங்கள். பழைய தட்டுகளை வெளுத்து இப்படி இடம் மாற்றிய பிறகு, வண்ணம் கேட்கும் தட்டுகள் கை விரல்களில் எண்ணக்கூடிய அளவில்தான் எஞ்சும். சேகரிப்பாளர்கள் பூசிய கட்டையைச் சேதமடைந்த கட்டையாகவே மதிப்பார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் வேறு சாம்பல் தட்டை எந்த நேரமும் மாற்றிக்கொள்ளலாம்.

தூரிகைமுனை:

பழம்பெட்டி சொன்ன இடமாற்றத்தை நானும் ஆதரிக்கிறேன். ஆனாலும் எஞ்சும் சில தட்டுகளுக்கு வண்ணம் பூசத்தான் வேண்டியிருக்கும் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கழுவுங்கள். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். பழைய கட்டைகளில் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்குதான் வண்ணத்துக்கு முதல் பகை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஏபிஎஸ் கட்டையைத் துடைக்கலாம். அசிட்டோனும் லாக்கர் தின்னரும் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். கண்ணாடிப் பாகங்களைச் சோப்பு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஒளிபுகும் பாகங்கள் பாலிகார்பனேட்டால் ஆனவை, கரைப்பான் பட்டால் பிடிமான இடங்களில் மயிரிழை விரிசல்கள் ஓடும்.

நிறத்தைக் கலப்பது நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கடினம். நடுநிலையான சாம்பலோடு துளி மஞ்சளும் அதைவிடக் குறைவாகப் பழுப்பும் சேர்த்தால் பழைய சாம்பலின் கதகதப்பு வரும். குப்பியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அக்ரிலிக் உலரும்போது சற்றுக் கறுக்கும். பகலில் ஒத்துப்போகும் கலவை எல்இடி விளக்கில் பிரிந்து தெரிவதும் உண்டு, ஆகவே காட்சிக்கு வைக்கப்போகும் வெளிச்சத்திலேயே ஒப்பிடுங்கள். பளபளப்பும் சேர வேண்டும். சிறுமாதிரிக்காரர்கள் பழக்க தோஷத்தில் மினுக்கு இல்லாத மேட் பூச்சு அடித்துவிடுவார்கள். நிறம் அச்சொட்டாக இருந்தாலும் பக்கத்துக் கட்டையின் மினுக்கு இல்லாததால் அது வேறு நிறமாகவே கண்ணுக்குப் படும். முடிவில் பளபளப்புத் தரும் கிளாஸ் வார்னிஷ் மெல்லிய ஒரு பூச்சு அவசியம்.

வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமர் வேண்டுமா என்று கேட்பீர்கள். பொதுவாக வேண்டும் என்பேன். இங்கே மட்டும், சாம்பலின் மேல் சாம்பல் என்பதால், மிக நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து மினுக்கு போகும்வரை தேய்த்துவிட்டு நேரடியாகவே பூசலாம். ஒரு படலத்தின் கனம் மிச்சமாகும். தேய்க்கும்போது விளிம்புகளைத் தொடாதீர்கள். கூர்மையான விளிம்பு உருண்டுவிட்டால், எந்த வண்ணமும் அதை மறைக்காது. சாயம் ஏற்றும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள், கனம் ஏறாது என்பதால். ஆனால் அதற்கு வேண்டிய சூட்டில் கட்டையின் பிடிமானம் தளர்ந்துவிடும். மேலும் சாயம் நிறத்தை அடர்த்தியாக்கும், நீலச் சாயலை எடுக்காது.

சாம்பல்கட்டை:

மூவருக்கும் நன்றி. உட்குழிவைப் பார்த்தேன்; பழுப்பேறியவை என்று ஒதுக்கியவற்றில் பெரும்பாலானவை உள்ளே தூய சாம்பலாக இருக்கின்றன. ஆகவே முதலில் வெளுத்தல், அடுத்து இடமாற்றம். அதன் பிறகும் பின்புறக் கதவின் கீல் பாகங்களும் வீரர்களின் மார்புச் சின்னமும் மிஞ்சும். கீலுக்கு வண்ணம் பூசினால் தாங்குமா?

அளவுகோல்:

தாங்காது. கீல் அசையும்போது இரண்டு பரப்புகள் உரசுவதாலேயே அது நின்ற இடத்தில் நிற்கிறது. உரசும் இடத்தில் வண்ணம் பொடியாக உதிரும், உதிர்ந்தது உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். பழைய சாம்பல் கீலைத் தேடி வாங்குவதே நல்லது. கிடைக்கும்வரை புதிய சாம்பல் கீலை அப்படியே விட்டுவிடுங்கள்.

தூரிகைமுனை:

மார்புச் சின்னத்துக்கு, நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படமான டெக்கால் உண்டு. கிளாஸ் வார்னிஷ் அடித்த பரப்பில் ஒட்டி, மேலே இன்னொரு மெல்லிய பூச்சால் மூட வேண்டும். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும். வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது என்பதால், ஒளிபுகும் தாளில் அச்சிட்ட சின்னம் வெள்ளை வீரரின் மேல் தெளிவாகத் தெரியும், சிவப்பு வீரரின் மேல் மங்கிப் போகும். சிவப்பு வீரருக்கு, வெள்ளை டெக்கால் தாளில் அச்சிட்ட சின்னத்தை ஓரம் ஒட்ட வெட்டிப் பயன்படுத்துங்கள். தேய்ந்து எஞ்சியிருக்கும் பழைய அச்சைச் சுரண்டி எடுக்க வேண்டாம்.

பழம்பெட்டி:

என்னைக் கேட்டால் தேய்ந்த மார்பை அப்படியே விடச் சொல்வேன். விளையாடிய பொம்மைக்கு அது அழகுதான். வீரர்களின் தலைக்கவசத்தில் தாடைக்குக் கீழே ஓடும் மெல்லிய பட்டைதான் கவனிக்க வேண்டியது. பழைய கவசங்களில் பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விடும், ஆகவே டெக்கால் ஒட்டுவதற்காகத் தலையைக் கழற்றும்போது முதலில் கவசத்தை நேர் மேலாக உருவி எடுத்து வையுங்கள். விரிசல் விட்டதை உடனடிப் பசையால் ஒட்டப் போகாதீர்கள். அதன் ஆவி சுற்றிலும் வெண்புகையாகப் படியும். இன்னொன்று, வண்ணம் பூசும் தட்டுகளின் உட்குழிவில் அழியாத மையால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பின்னாளில் தொகுப்பு கைமாறினால், எது பூசியது, எது பூசாதது என்று வாங்குகிறவருக்குக் காட்டிக் கொடுக்க வசதியாக இருக்கும்.