அனிகட்: இந்தச் சொல்லை எங்கே சந்தித்தீர்கள்?

மூதூர்க்காரன்:
'அனிகட்' (anicut) என்ற இங்கிலீஷ் சொல்லை நான் முதலில் கண்டது 2006இல், இங்கே திருகோணமலைப் பக்கம் மாவிலாற்று அணைக்கட்டின் கதவைப் புலிகள் மூடிய செய்திகளில். நம்முடைய அணைக்கட்டுதான் வெள்ளைக்காரன் வாயில் அப்படித் தேய்ந்திருக்கிறது.

சண்டை முடிந்த பிறகு, உடைந்து கிடந்த சின்ன அணைக்கட்டு ஒன்றைத் திருத்தித் தரும்படி எங்கள் கமக்காரர் அமைப்பு ஓர் உதவி நிறுவனத்துக்கு எழுதியது. எழுதிக் கொடுத்த தம்பி கெட்டிக்காரன்தான்; ஆனால் அணைக்கட்டு வந்த இடமெல்லாம் 'டேம்' என்று போட்டுவிட்டான். வந்த பதிலைப் பார்க்க வேண்டுமே! எத்தனை ஏக்கர் நீரில் மூழ்கும், எத்தனை குடும்பங்களை எழுப்ப வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. இங்கே இருந்ததோ இடுப்பளவு கொங்கிரீட் சுவர், பக்கத்தில் வாய்க்காலுக்கு ஒரு பலகைக் கதவு. 'அனிகட்' என்று மாற்றி, படமும் வைத்து அனுப்பிய பிறகுதான் பேச்சு நேரானது.

தம்பலகாமம் பிள்ளை:
அண்ணா, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதைக் குழப்பவே மாட்டார்கள். கந்தளாய் தண்ணீரைத் தேக்கி வைக்கும், அதனால் அது குளம். அதற்குத் துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), வான் (மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) எல்லாம் உண்டு. அணைக்கட்டு தேக்குவதற்கு இல்லை. ஆற்றை மறித்து, மட்டத்தை உயர்த்தி, வாய்க்காலுக்குத் திருப்பிவிடும். மிச்சம் மேலால் வழிந்து போகும். மாரி வெள்ளத்தில் சுவரே கண்ணுக்குத் தெரியாது. இப்போது மேட்டூரையும் அணைக்கட்டு என்கிறோம். இங்கிலீஷ்காரன் மட்டும் சின்னதுக்கே வைத்திருக்கிறான், வேடிக்கைதான்.

டவுன் ரியூசன் டீச்சர்:
என்னிடம் படிக்கிற பிள்ளைகள் 'அனிக்யூட்' என்று வாசிப்பார்கள். 'கட்' என்றே முடியுங்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே சொல் இருக்கிறது. கல்லணையை 'கிராண்ட் அனிகட்' என்றும் முக்கொம்பை 'அப்பர் அனிகட்' என்றும் இங்கிலீஷில் எழுதுவார்கள். நம் நாட்டில் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக் கடதாசிகளில் சிறு குளங்களோடு சேர்ந்தே வரும். ஆனால் இந்தியா, இலங்கை தாண்டினால் இந்தச் சொல் அவ்வளவாக ஓடாது. வெளிநாட்டுக்கு எழுதுவதென்றால் 'வீயர்' என்று போடுங்கள். கூட்டத்தில் சிங்களப் பொறியியலாளர் இருந்தால் 'அமுண' என்றால் போதும், படமே தேவைப்படாது.