கரிசல் மண் சுவாசம்: பருத்திக் காடு, சீமைக்கருவேலக் காடு

கரிசல்காரன்:
அடுத்தடுத்து இரண்டு கரிசல் துண்டுகள். ஒன்றில் வருடாவருடம் உழுது பருத்தி. மற்றது தரிசாகிச் சீமைக்கருவேலம் அடைந்தது. 0–15 செ.மீ. மண்ணை உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, 50 கிராமை நனைத்து, மண் விடும் கரியமில வாயுவைப் பிடிக்க மூடிய பாட்டிலில் சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தோடு வைத்தேன். முதல் மூன்று நாள் கரியமில வாயு எக்கச்சக்கம், பிறகு சரிவு. கருவேல மண்ணில்தான் எப்போதும் அதிகம். அங்கே கரிமம் வேகமாக அழிகிறது என்று எழுதலாமா?

துலாக்கோல்:
எழுதாதீர்கள். காய்ந்த மண்ணை நனைத்தால் செத்த நுண்ணுயிர்களும், உடைந்த மண்கட்டிகளுக்குள் இருந்த கரிமமும் ஒரேயடியாக இரையாகும். முதல் நாள்களின் துள்ளல் அதுதான். நீர்பிடிப்புத் திறனில் 60 சதவீத ஈரத்தில், 25 டிகிரியில் ஒரு வாரம் வைத்துவிட்டு, அதன்பின் அளவைத் தொடங்குங்கள். சொத சொதவென்று நனைத்தால் காற்றோட்டம் போய் அளவு குறையும்.

கருவேலத்துக்கு அடியில் இலைச்சருகு விழுந்துகொண்டே இருக்கிறது. இரை அதிகம், மூச்சும் அதிகம். ஒரு கிராம் மண்ணுக்கு என்று பார்க்காமல் ஒரு கிராம் மண்கரிமத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். வரிசை தலைகீழானாலும் ஆகலாம்.

பியூரெட்:
டைட்ரேஷனுக்கு (மிச்சக் காரத்தை அமிலம் சொட்டி அளப்பதற்கு) முன் பேரியம் குளோரைடு மிகுதியாகச் சேர்த்தீர்களா? காரம் பிடித்த வாயு கார்பனேட்டாக இருக்கும்; அதை பேரியம் வீழ்படிவாக்காவிட்டால், நிறங்காட்டியான பினாப்தலீனின் நிறம் மறைவதற்குள் கார்பனேட்டும் பைகார்பனேட்டாகி அமிலத்தைக் குடிக்கும், விடை பாதியாகிவிடும். 20 மி.லி. 0.5 நார்மல் காரம் அதிகபட்சம் 220 மி.கி. வாயுவைப் பிடிக்கும். பாதி தீர்ந்ததுமே மாற்றிவிடுவது நல்லது; அப்போதே மூடியைத் திறந்து காற்றும் மாற்றுங்கள். மண் இல்லாத வெற்றுப் பாட்டில் கட்டாயம். வெற்றுக்கும் மண்ணுக்கும் செலவான அமில மி.லி. வித்தியாசம் × நார்மாலிட்டி × 22 = மி.கி. வாயு. கரிமமாக வேண்டுமானால் 22க்குப் பதில் 6.

கரிசல்காரன்:
பேரியம் குளோரைடு சேர்த்தேன். மண்கரிமத்தை எரித்து அளக்கும் கருவியில் பார்க்கலாமா?

துலாக்கோல்:
கரிசலில் சுண்ணாம்பு உண்டு. கருவி அதையும் கரிமமாக எண்ணிவிடும். முதலில் அமிலத்தால் சுண்ணாம்பைப் போக்குங்கள், இல்லையேல் வாக்லி-பிளாக் முறை (டைக்ரோமேட்டால் ஆக்சிஜனேற்றி அளப்பது) போதும்.

கரிமம் அழிகிறதா என்பதற்கு இருப்புக் கணக்குதான் வேண்டும்: கரிம சதவீதம் × பரும அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, கிராமில்) × ஆழம் (செ.மீ.) = ஹெக்டேருக்கு டன். 0.6 சதவீதம், 1.3, 15 என்றால் 11.7 டன். கரிசல் ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் வெடிக்கும். இரண்டு துண்டிலும் ஒரே ஈரப்பதத்தில், வெடிப்பு மூடியிருக்கும்போது, அடர்த்தி அளக்க மண்ணெடுக்கும் உருளையை இறக்குங்கள். உழுத மண் பொலபொலவென்றிருக்கும் என்பதால் ஒரே ஆழத்தை ஒப்பிட்டாலும் பிசகும்; ஒரே எடை மண்ணுக்குக் கணக்கிடுங்கள்.